தெரியாதுப்பா... கேட்டுச் சொல்றேன்!

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட். காலை 7.20. சென்னை போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாடி ஜன்னல் சீட். காதில் இயர்போன், மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு, கையில் மூடியைக் கடிச்சுக் கடிச்சே சப்பையாகிப் போன பேனா... இப்படி ஒருத்தரைப் பார்த்தா என்ன நினைப்பீங்க? 'குரூப்-2 எக்ஸாமுக்குப் படிக்கிற அக்கா'ன்னுதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன் பாஸ்! பக்கத்துல போய் உக்காந்து பேச்சுக் கொடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது... அவங்க திண்டிவனம் பக்கம் ஒரு காலேஜ்ல டிஜிட்டல் மீடியா பேப்பர் எடுக்கிற லெக்சரர்!

"பேரும் வேணாம், காலேஜ் பேரும் வேணாம் தம்பி. நான் கெஸ்ட் லெக்சரர். ஒவ்வொரு ஜூன் மாசமும் என் வேலைக்கு ஒரு மறுஜென்மம். அது நல்லபடியா நடக்கட்டும்"னு சிரிச்சாங்க. அதனால இந்தக் கட்டுரை முழுக்க அவங்க 'மேடம்'தான்.

நம்ம லெக்சரர்களைப் பத்தி கேன்டீன்ல உக்காந்து நாம அடிக்கிற கமென்ட் என்ன? 'மச்சி, அந்த நோட்ஸ் எங்க அண்ணன் காலத்துலேர்ந்து மஞ்சளா இருக்குடா!' சரி, எப்பவாவது இப்படி யோசிச்சிருக்கீங்களா? நமக்கு லெக்சரர் சொல்லித் தர்றாங்க. லெக்சரருக்கு யார் சொல்லித் தருவாங்க? அதுவும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் சட்டையை மாத்துற டிஜிட்டல் மீடியாவுல?

பென் டிரைவ்ல போன வேலை

மேடம் காலேஜ்ல படிச்சப்ப ஃப்ளாஷ்தான் கெத்து. பந்து குதிக்கும், பட்டாம்பூச்சி பறக்கும், வெப்சைட் திறக்கும்போதே மியூசிக் அடிக்கும். லெக்சரர் ஆனதும் அதையே சொல்லிக் கொடுத்தாங்க. சிலபஸ்லயும் அதுதான் இருந்துச்சு.

வெளியே உலகம் வேற ரூட்ல போய்க்கிட்டிருந்துச்சு. 2010 ஏப்ரல்ல ஆப்பிளோட ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோன்ல ஃப்ளாஷை ஏன் விட மாட்டோம்னு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். 2017 ஜூலைல அடோபி கம்பெனியே '2020 முடியறதோட ஃப்ளாஷ் பிளேயருக்கு மூடுவிழா'ன்னு அறிவிச்சுது. சொன்னபடியே 2020 டிசம்பர் 31-ல கடையைக் கட்டி, 2021 ஜனவரி 12-லேர்ந்து அந்தப் பிளேயர்ல எதுவும் ஓடாதபடி பூட்டியும் போட்டுட்டாங்க.

அந்த 2021-லதான் மேடமோட பழைய ஸ்டூடன்ட் ஒருத்தர், கிராமத்துப் பையன், வீட்ல முதல் பட்டதாரி, சென்னையில ஒரு ஸ்டுடியோவுக்கு இன்டர்வியூ போயிருக்கார். பென் டிரைவ்ல மூணு வருஷ உழைப்பு. எல்லாமே ஃப்ளாஷ் ஃபைல். அங்கே ஒண்ணுகூட திறக்கலை. 'தம்பி எந்தக் காலத்துல இருக்கீங்க?'ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.

"வெளியே வந்து ரோட்லேர்ந்தே போன் பண்ணினான். திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. 'மேம், இப்ப நான் என்ன கத்துக்கணும்?'னு மட்டும் கேட்டான். 'தெரியாதுப்பா... கேட்டுச் சொல்றேன்'னு போனை வெச்சேன். வெச்சப்புறம்தான் உறைச்சுது தம்பி... யார்கிட்ட கேட்கிறது? என் போன்ல முந்நூறு நம்பர் இருக்கு. இதைக் கேட்க ஒரு நம்பர் இல்ல!"

இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. ஃப்ளாஷ்ல வரையற சாஃப்ட்வேரை 2016-லயே 'அனிமேட்'னு பேர் மாத்திட்டாங்க. அதே வேலையை ஹெச்டிஎம்எல்-5 வடிவத்துல, எந்த பிரவுசர்லயும் ஓடற மாதிரி வெளியே எடுக்கிற வசதி அதுல இருந்துச்சு. இந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா, அந்தப் பென் டிரைவ் திறந்திருக்கும்.

அந்த ராத்திரிதான் மேடம் இந்த நோட்டை வாங்கியிருக்காங்க. முதல் பக்கத்துல தலைப்பு: 'எனக்குத் தெரியாதவை'. அன்னிக்கே முப்பத்தோரு ஐட்டம்!

தமிழ்த் தாத்தாவும் நம்ம வீடூர்க்காரரும்

வாத்தியாரும் சொந்தமா ஒரு கத்துக்கிற வட்டத்தைக் கட்டிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல 'பர்சனல் லேர்னிங் நெட்வொர்க்'னு ஸ்டைலா பேர் வெச்சிருக்காங்க. பேர் புதுசு. விஷயம் நம்ம ஊர்ல ரொம்பப் பழசு!

1880. கும்பகோணம் காலேஜ்ல புதுசா வேலைக்குச் சேர்ந்த தமிழ் வாத்தியார். வயசு 25. பேர் உ.வே.சாமிநாதையர். ஊருக்கு முன்சீபா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவர்கிட்ட 'என்னென்ன படிச்சிருக்கீங்க?'ன்னு கேட்க, இவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கறார். முதலியார் அசரலை. 'சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா?'ன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான், வாத்தியார் க்ளீன் போல்டு!

சிந்தாமணி ஒரு ஜைனக் காப்பியம். அதுல வர்ற சமயச் சொற்களுக்கு அர்த்தம் புரியலை. கேட்கலாம்னா அவரோட குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-லயே காலமாகிட்டார். என்ன பண்ணினார் தெரியுமா? ஊர்ல இருந்த ஜைனர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே போனா, அவங்க வீட்டுக்குள்ள சிந்தாமணியை முறையாப் படிச்சுக்கிட்டே இருக்காங்க! தெரியாததைக் கூச்சப்படாம கேட்டார். ஏட்டுப் பிரதி தேடிப் பல ஊருக்குக் கடிதம் போட்டார், அலைஞ்சார். 1887-ல சிந்தாமணி அச்சாகி வெளியே வந்துச்சு.

அவருக்கு அப்படிக் கைகொடுத்த ஜைன அன்பர்கள்ல ஒருத்தர் பேர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர்! நம்ம விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல அணைக்கட்டு இருக்கே, அதே பேர்! லீவு நாள்ல பைக் எடுத்துட்டுப் போய் செல்ஃபி எடுக்கிறோமே, அந்த ஊர்ப் பேரைத் தாங்கின ஒருத்தர், தமிழ்த் தாத்தாவோட 'கான்டாக்ட் லிஸ்ட்'ல இருந்திருக்கார்!

"கூட்டேரிப்பட்டு தாண்டும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய மனுஷரே கேட்டுத்தான் கத்துக்கிட்டார். நான் எந்த மூலைக்கு?"ன்னாங்க மேடம்.

நோட்டுல நாலு பத்தி

இவான் இல்லிச்னு ஒரு சிந்தனையாளர். வியன்னாவுல பிறந்தவர். 1971-ல 'டீஸ்கூலிங் சொசைட்டி'ன்னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல, ஒருத்தர் கத்துக்கணும்னா நாலு விதமான வலை வேணும்கிறார். கத்துக்கிற பொருட்கள், ஒரு திறமை கைவசம் இருக்கிற ஆட்கள், கூடச் சேர்ந்து கத்துக்கிற சகாக்கள், வழி காட்டுற மூத்தவங்க. இன்டர்நெட் வீட்டுக்கு வர்றதுக்கு இருபது வருஷத்துக்கு மேலே முன்னாடி! மேடம் நோட்டுலயும் அதே மாதிரி நாலு பத்தி இருக்கு.

முதல் பத்தி, பொருட்கள். ஐஐடி பாம்பே ஆரம்பிச்ச 'ஸ்போக்கன் டுடோரியல்'னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் பத்து நிமிஷப் பாடம். ஜிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர்னு இலவச சாஃப்ட்வேர்களைத் திரையிலேயே செஞ்சு காட்டுறாங்க, தமிழ்க் குரல்லயும் நிறைய இருக்கு. விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். "நிறுத்தி நிறுத்தி எழுதிக்கிட்டா ஒரு ட்ரிப்புக்கு மூணு பாடம். விக்கிரவாண்டி டோல்கேட் வர்றதுக்குள்ள ஒண்ணு முடிக்கணும்னு எனக்கு நானே ரூல் போட்டிருக்கேன்." ராத்திரியே டவுன்லோடு பண்ணி வெச்சிருவாங்களாம். நடுவுல சிக்னல் போனாலும் கிளாஸ் நிக்காது. அதோட 2003-ல ஐஐடிக்களும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து ஆரம்பிச்ச என்பிடெல், 2017-ல வந்த ஸ்வயம். இதெல்லாம் நமக்கும் தெரிஞ்சதுதான். கிரெடிட்டுக்காகச் சேர்ந்து, கடைசி நாள்ல அசைன்மென்ட்டைக் காப்பி அடிக்கிறோமே... அதேதான்!

இரண்டாவது பத்தி, திறமைசாலிகள். இங்கதான் மேடம் அசத்துறாங்க. திண்டிவனத்துல ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற ஒரு அண்ணன், கல்யாண வீடியோகிராபர் ஒருத்தர், விழுப்புரத்துல ஆல்பம் டிசைன் பண்ற ஒரு பையன்... இவங்கதான் லிஸ்ட்ல டாப்! "ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே ரெண்டும் புக்ல படிச்சதுதான். ஆனா ஃப்ளெக்ஸ்கார அண்ணன் ஒரே வரியில சொன்னார்: 'மானிட்டர்ல கிளிப்பச்சை, பிரின்ட்ல வாடின கீரைம்மா!' ஸ்கிரீன்ல இருக்கிறது வெளிச்சம், பிரின்ட்ல இருக்கிறது மை. அந்த வித்தியாசம் அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு."

மூணாவது, சகாக்கள். விழுப்புரத்துல ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு இருக்கு. 'விகிளக்'னு சொல்வாங்க. வார இறுதியில கூடி கட்டற்ற மென்பொருளைக் கத்துக்கிட்டு, காலேஜ் பசங்களுக்கும் கத்துக்கொடுக்கிற கூட்டம். மேடம் அந்த மாதிரி இடத்துக்கு முதல் தடவை போனப்ப, பக்கத்துல உக்காந்திருந்தது ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. "அவ எனக்குக் கமாண்ட் சொல்லிக் கொடுத்தா. முதல் பத்து நிமிஷம் முகமெல்லாம் சுட்டுது. அப்புறம் பழகிடுச்சு."

நாலாவது, மூத்தவங்க. ரிட்டயர் ஆன ஒரு பேராசிரியர், சென்னையில வேலை பார்க்கிற ஒரு அனிமேட்டர். இவங்களுக்கு மேடம் வெச்சிருக்கிற ரூல்: மாசத்துக்கு ஒரே கேள்வி. அதுவும், 'நான் இதெல்லாம் முயற்சி பண்ணிட்டேன், இந்த இடத்துல நிக்கிறேன்'னு எழுதிட்டுத்தான் கேட்பாங்க. 'ஹாய் சார், பிளெண்டர் சொல்லித் தருவீங்களா?'ன்னு மொட்டையா அனுப்பினா யார்தான் பதில் போடுவாங்க?

பிளெண்டர்னதும் ஒரு ஃப்ளாஷ்பேக். அதைத் தயாரிச்ச கம்பெனி 2002-ல இழுத்து மூடற நிலைக்கு வந்துச்சு. உருவாக்கின டான் ரோசன்டால், 'ஒரு லட்சம் யூரோ திரட்டினா இந்த சாஃப்ட்வேரை எல்லாருக்கும் திறந்து விட்டுடலாம்'னு உலகத்துக்கே உண்டியல் குலுக்கினார். ஏழே வாரத்துல பணம் சேர்ந்துச்சு! அப்படித் திறந்து விட்ட பிளெண்டர்லதான் லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 'ஃப்ளோ'ன்னு ஒரு பூனைப் படம் எடுத்தார். 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதுக்குத்தான்! அதே சாஃப்ட்வேர் உங்க லேப்டாப்லயும் ஓசியா ஓடும் மக்களே.

தூரத்துச் சொந்தம்தான் துணை

'அதான் காலேஜ்ல கூட வேலை பார்க்கிறவங்க இருக்காங்களே, அவங்களைக் கேட்டா ஆகாதா?'ன்னு நான் கேட்டேன்.

"அவங்களுக்கும் எனக்குத் தெரிஞ்சதுதானே தம்பி தெரியும்! ஒரே சிலபஸ், ஒரே லேப், ஒரே டீக்கடை."

இதை ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்கார். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர். வருஷம் 1973. தெரிஞ்சவங்க மூலமா புது வேலை கிடைச்சவங்களைப் பிடிச்சு, 'தகவல் சொன்ன ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்க?'ன்னு கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர்னு சொன்னவங்க 16.7 சதவிகிதம்தான். எப்பவாவது பார்க்கிறவர் 55.6. அபூர்வமா பார்க்கிறவர் 27.8! நெருங்கிய நண்பர்கள் நம்ம வட்டத்துக்குள்ளேயே சுத்துறாங்க. புதுத் தகவல் தூரத்துலேர்ந்துதான் வருது. நம்ம உயிர் நண்பன் நமக்குப் பரீட்சைல காட்டுவான். ஆனா அவனும் நம்ம நோட்டைத்தானே படிச்சிருக்கான்!

கண் சிமிட்டின குறும்படம்

எல்லாம் ஜெகஜோதியா போச்சுன்னு நினைக்காதீங்க. மேடம் ஒரு தடவை செமத்தியா வழுக்கி விழுந்திருக்காங்க.

வெளிநாட்டு வீடியோ ஒண்ணைப் பார்த்து, 'நொடிக்கு 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60 வெச்சு எடுங்க'ன்னு கிளாஸ்ல சொல்லிட்டாங்க. பசங்க நாலு பேர் கடன் வாங்கின கேமராவுல, ஹாஸ்டல் டியூப்லைட் வெளிச்சத்துல ராத்திரி முழுக்கக் குறும்படம் எடுத்தாங்க. காலையில போட்டுப் பார்த்தா... படம் முழுக்க வெளிச்சம் துடிக்குது, பட்டை பட்டையா கோடு!

பதில் எங்கே கிடைச்சுது தெரியுமா? கல்யாண வீடியோகிராபர்கிட்ட! 'மேடம், அது அமெரிக்காக் கணக்கு. அங்க கரன்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50. நம்ம ஊர் லைட்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைங்க'ன்னு மண்டபத்துல சாப்பிட்டுக்கிட்டே சொன்னாராம். நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே, இது எனக்கே புரிஞ்சுது! 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல அந்த மாதிரி விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 நொடிக்கு ஷட்டர் திறந்திருந்தா ஒவ்வொரு ஃப்ரேம்லயும் சரியா ரெண்டு துடிப்பு விழும். 1/60-ன்னா ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. அதான் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வெளிச்சம் மாறுது.

மறுநாள் மேடம் கிளாஸ்ல நின்னு, 'நான் சொன்னது தப்பு. ஏன் தப்புன்னா...'ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. "கை நடுங்குச்சு தம்பி. பர்மனென்ட் ஸ்டாஃப் தப்பு பண்ணினா தப்பு. கெஸ்ட் லெக்சரர் தப்பு பண்ணினா 'இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது'. ஆனா பசங்க சிரிக்கலை. நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க." படத்தைத் திரும்ப எடுக்க அந்த வீடியோகிராபரே ரெண்டு லைட்டை ஓசியில கொடுத்திருக்கார்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. கிளாஸ் எடுக்கிற நேரத்துக்குத்தான் சம்பளம். பஸ்ல படிக்கிற நேரத்துக்கோ, ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கோ யாரும் அஞ்சு பைசா தர மாட்டாங்க. அதுக்கு நடுவுலதான் நெட் எக்ஸாமுக்கும் படிக்கிறாங்க. 'குட்மார்னிங்' ரோஜாப்பூ மட்டுமே வர்ற பதினோரு வாட்ஸ்அப் குரூப்லேர்ந்து வெளியே வந்ததுல தினமும் இருபது நிமிஷம் மிச்சமாம்!

'சாட்ஜிபிடி இருக்கே மேடம், அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆளுங்க?'ன்னு அடுத்த அஸ்திரத்தை விட்டேன். "அதையும்தான் கேட்கிறேன். எந்தப் பட்டன் என்ன செய்யும்னு நல்லாவே சொல்லும். சில சமயம் இல்லாத பட்டனையும் சொல்லும்! நம்ம ஊர் மண்டபத்து லைட் எப்படி இருக்கும், பார்ட்டி எந்த கலர் கேட்கும்னு அந்த அண்ணனுக்குத்தானே தெரியும்? அதோட, அது எனக்கு ரெண்டு லைட் கடன் கொடுக்குமா?"

நியாயமாத்தானே இருக்கு!

வாங்கினா கொடுக்கணும்ல?

வெறும் 'கேட்கிற' நெட்வொர்க் ஆறு மாசத்துல செத்துரும்கிறாங்க மேடம். அதனால அவங்களும் கொடுக்கிறாங்க. வீடியோகிராபர் பொண்ணுக்கு அக்கவுன்டன்சி ப்ராஜெக்ட்டை டைப் பண்ணி வடிவமைச்சுக் கொடுத்தது, ஃப்ளெக்ஸ் அண்ணனுக்கு யூனிகோட்ல டைப் அடிக்கக் கத்துக்கொடுத்தது இதெல்லாம் ஊருக்குள்ள. வெளி உலகத்துக்கு? ஸ்டூடன்ட்ஸைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்த போட்டோக்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்துற உரிமத்தோட விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்தியிருக்காங்க. 2003-லேர்ந்து வளர்ந்துட்டு வர்ற தமிழ் விக்கிப்பீடியா, 2012-ல ஆரம்பிச்ச 'கணியம்' மின்னிதழ்... இதெல்லாம் சம்பளம் வாங்காம யாரோ எழுதிப் போட்டதுதானே?

ஆமா, அந்தப் பென் டிரைவ் பையன் என்ன ஆனார்? விழுப்புரத்துல ஆல்பம் டிசைன் பண்ற ஒரு பையன்னு மேலே சொன்னேனே... அவரேதான்! "ரெண்டு வாரம் கழிச்சு, அனிமேட் விஷயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அவனுக்குப் போன் பண்ணினேன். அதுக்குள்ள அவன் ஸ்டுடியோவுல சேர்ந்துட்டான். லேட் ஆயிடுச்சு. அது எனக்கு இன்னும் வலிக்கும். இப்ப கலர் கரெக்ஷன்ல சந்தேகம்னா நான் அவனைத்தான் கேட்கிறேன். என் கிளாஸுக்கு வந்து ஒரு நாள் பாடமே எடுத்தான்."

இந்த வாரமே ஆரம்பிங்க!

மீடியா லெக்சரர் ஆகப்போறீங்களோ இல்லையோ, இது எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொருந்தும்.

1. நோட்டுல முதல் பக்கம் 'எனக்குத் தெரியாதவை'. பத்து ஐட்டமாவது வரணும். வரலைன்னா நீங்க யோசிக்கலைன்னு அர்த்தம்!

2. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எதிர்ல ஒரு ஆள் பேர். அதுல பாதியாவது உங்க காலேஜுக்கு வெளியே இருக்கணும்.

3. மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், ஸ்டுடியோக்காரர், லேப் அட்டெண்டர்... டிகிரி பார்த்து ஆள் பிடிக்காதீங்க.

4. கேட்கும்போது எதுவரைக்கும் முயற்சி பண்ணினீங்கன்னு சொல்லிட்டுக் கேளுங்க. பதில் கிடைச்சப்புறம் 'அது வேலை செஞ்சுது'ன்னு ஒரு வரி திருப்பிச் சொல்லுங்க. நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான்!

5. ஒரு இடத்துல கேட்டதை இன்னொரு இடத்துல சரிபாருங்க. டியூப்லைட் கதை ஞாபகம் இருக்கட்டும்.

திண்டிவனம் வந்துடுச்சு. இறங்கப் போன மேடம் சட்டுனு திரும்பி, "தம்பி, நீ ஈசிஇ தானே? மொபைல்ல ஓடற ஃபேனை வீடியோ எடுத்தா இறக்கை வளைஞ்சு தெரியுதே, 'ரோலிங் ஷட்டர்'னு சொல்றாங்க. உள்ளுக்குள்ள சென்சார்ல என்னப்பா நடக்குது? நாளைக்கு கிளாஸ்ல வருது"ன்னாங்க.

மூணு வருஷமா எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். சென்சார் தலைப்புல பதினாறு மார்க் கேள்விக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். ஆனா அந்த நிமிஷம் வாய்ல ஒண்ணும் வரலை. வழக்கமா இந்த இடத்துல எதையாவது அடிச்சு விட்டு எஸ்கேப் ஆகிடுவேன். அன்னிக்கு முடியலை.

"தெரியாது மேடம்... கேட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் எங்க லேப்ல போய்க் கேட்டேன். மொபைல் கேமராவோட சென்சார், படத்தை ஒரே அடியா படிக்காம மேலேர்ந்து கீழே வரிசை வரிசையா படிக்குமாம். மேல் வரிசையைப் படிச்சு முடிச்சு கீழ் வரிசைக்கு வர்றதுக்குள்ள ஃபேன் இறக்கை நகர்ந்துடும். அதான் நேரா இருக்கிற இறக்கை வளைஞ்சு பதியுது. ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு, போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் பதில் வந்துச்சு. 'கிளாஸ்ல உன் படத்தையே போர்டுல வரைஞ்சேன் தம்பி. நோட்டுல உன் பேரை எழுதிட்டேன். ரெண்டாவது பத்தியில!'